யூதாஸ் முடி

வங்கித் தேர்வுக்கு ஐந்து வருடம் படித்தவனுக்கு ஒரு வியாதி வந்துவிடும். எதைப் பார்த்தாலும் சதவீதமாகத் தெரியும். எங்கள் திரேஸ்புரம் தெருவில் நாய் ஆறு குட்டி போட்டால், அதில் நான்கு கறுப்பு, அறுபத்தாறு புள்ளி ஆறு ஆறு என்று மண்டைக்குள் ஓடும். உட்கார்ந்தால் வலது கால் தானாக ஆடும். "தையல் மெஷினா மிதிக்க? நிறுத்துலே" என்பாள் அம்மா. நிறுத்துவேன். இடது கால் ஆட ஆரம்பிக்கும்.

என் பெயர் பெவின். வயது இருபத்தொன்பது. படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். அதைப் பற்றி அந்தக் கல்லூரியும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. பீச் ரோட்டுப் பக்கம் ஐஸ் கம்பெனி மாடியில் இருக்கும் கோச்சிங் சென்டரில் நான்தான் மூத்த மாணவன். என்னோடு சேர்ந்தவர்கள் வங்கிக்குப் போய்விட்டார்கள். எனக்குப் பிறகு சேர்ந்தவர்களும் போய்விட்டார்கள். அவர்களில் பதினோரு பேருக்கு ஷார்ட்கட் சொல்லிக் கொடுத்தது நான். எல்லாரையும் அவரவர் ஸ்டாப்பில் இறக்கிவிட்டு காலி பஸ்ஸோடு டெப்போவுக்குத் திரும்பும் கண்டக்டர் மாதிரி, வருடா வருடம் புது ஆட்களோடு மறுபடி முதல் பாடத்திலிருந்து ஆரம்பிப்பேன்.

தேர்வு மூன்று கட்டம். பிரிலிம்ஸ், மெயின்ஸ், இன்டர்வியூ. நான்கு வருடமும் முதல் கட்டத்திலேயே விழுந்தேன். ஒருமுறை கால் மார்க்கில். வீட்டில் சொல்லிக் கொடுக்கும்போது வரும் விடை, ஹாலில் கடிகாரம் ஓடத் தொடங்கியதும் வராது. கால் மட்டும் வரும்.

அப்பா ஜேசுபாதம், மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்க்கிறார். ஒருமுறை கரையில் இருந்தபோது என் புத்தகத்தை எடுத்து, 'படகும் நீரோட்டமும்' என்ற பாடத்தில் ஒரு கணக்கை உரக்கப் படித்தார்.

"காத்து எந்தப் பக்கம்னு போடலையே?"

"காத்து கிடையாதுப்பா."

"சரக்கு எவ்வளவு?"

"அதுவும் கிடையாது."

"காத்தும் இல்ல, சரக்கும் இல்ல, எதுக்குலே மேலயும் கீழயும் ஓட்டுதான்? டீசல் யாரு குடுப்பா?"

கணக்குக்கான விடை என்னிடம் இருந்தது. மணிக்கு நான்கு கிலோமீட்டர்.

இந்த முறை தோணி ஏறும்போது அவர் கேலி பேசவில்லை. "இதான் கடைசி, சரியா? இல்லன்னா சாகுபுரத்துல மாமா சொல்லி வச்சிருக்க காண்ட்ராக்ட் வேலைக்குப் போயிரு" என்றார். சரி என்றேன். அதனால் இது ஐந்தாவது முறை மட்டுமல்ல. கடைசி முறை.

பிரிலிம்ஸ் முடிவு வந்த அன்று அம்மா பின்கட்டில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போனைப் பிடித்தபடி போய், "எம்மா, பாஸ்" என்றேன்.

'முதல் கட்டம்தான்' என்று அடுத்து சொல்வதற்கு வாயைத் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன். அதற்குள் அம்மா கையில் செதிலோடு தெருவுக்குப் போய்விட்டாள். திறந்த வாயை மூடுவதற்குள் நான்கு வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் நாற்பது வீட்டுக்கு லட்டு போனது. தெருமுனைக் கடை சுடலைமாடத்தி அக்கா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நகைக்கடனுக்கு உங்க பேங்கில் என்ன வட்டி என்று கேட்டாள்.

சொல்லியிருக்கலாம். ஆனால் நான்கு வருடமாக ஒவ்வொரு முடிவுக்குப் பிறகும், "இன்னும் ரிசல்ட் வரலையாம்" என்று தெருவில் சொல்லிச் சொல்லியே அம்மா மீன் வாங்கப் போயிருக்கிறாள். ஒரு நாள் சந்தோஷமாக இருக்கட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த ஒரு நாள் மூன்று வாரம் ஓடியது.

மெயின்ஸுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அம்மா என்னை எழுப்பினாள். "குளிச்சிட்டு கெளம்பு. உவரிக்குப் போணும். அந்தோணியாருக்கு நேர்ச்சை."

"என்ன நேர்ச்சை?"

"நீ பாஸ் ஆனா மொட்டை போடுதேன்னு சொல்லிருக்கேன்."

"யாருக்கு மொட்டை?"

"எனக்கா வேலை கிடைச்சிருக்கு?"

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஹால் டிக்கெட்டின் பின்பக்கம் விதிமுறைகள் இருக்கும். அதில் பதினேழாவது விதி: தேர்வு நடைமுறை முடியும்வரை விண்ணப்பப் புகைப்படத்தில் உள்ள தோற்றத்தை மாற்றக் கூடாது. வருடா வருடம் புதிதாகச் சேர்பவர்களுக்கு அதை எழுந்து நின்று வாசித்துக் காட்டுவது யார் என்று கேளுங்கள். நான்தான். தாடி எடுத்துவிட்டு வந்த ஒரு பையனை நான் திட்டியும் இருக்கிறேன்.

உவரியில் அம்மா முடி காணிக்கைக்குச் சீட்டு வாங்கினாள். நாவிதர் என் தலையில் தண்ணீர் ஊற்றினார். 'அம்மா, இது முதல் கட்டம்தான்' என்பது ஐந்தே நொடி வேலை. அம்மா எனக்கு எதிரில் மணலில் முழங்காலில் இருந்தாள். கண்ணை மூடி, உதட்டை அசைத்துக்கொண்டு, ஒரு கையை என் முழங்காலில் வைத்திருந்தாள். அப்போது என் கால் ஆடவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஆடாமல் இருந்தது. ஐந்து நொடி போனது. கத்தி இறங்கியது.

மறுநாள் சென்டரில் அனிஷா என்னைப் பார்த்ததும் நோட்டைக் கீழே போட்டாள். முதல் முயற்சியிலேயே பிரிலிம்ஸ் தாண்டியவள். என்னிடம்தான் கணக்குப் படித்தாள்.

"அண்ணே, பதினேழாம் பாயிண்ட்!"

"தெரியும்."

"தெரிஞ்சா பண்ணீங்க? போட்டோவுல நெத்தி வரைக்கும் முடி இருக்குமே உங்களுக்கு!"

"அதிகமா இருந்ததால அந்தோணியாருக்குக் கொடுத்துட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. "கேட்லயே நிறுத்திருவாங்கண்ணே. வேற ஆள்னு சொல்லிருவாங்க."

அந்த நாலு நாளில் நான் படித்தது எதுவும் நினைவில்லை. மூன்று முறை கடற்கரைக்கும் வீட்டுக்கும் நடந்தேன். முடி மாதத்துக்குச் சராசரியாக ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும் என்று வைத்துக்கொண்டால், ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு மில்லிமீட்டர். கணக்கு சரியாக வந்தது. அதுவரை எனக்குச் சரியாக வந்த கணக்கெல்லாம் இந்த மாதிரிக் கணக்குதான்.

வெள்ளிக்கிழமை விஜயராஜ் அண்ணாச்சியைத் தேடிப் போனேன். துறைமுகத்தில் லாரி எடை மேடையில் வேலை. ஆனால் அவரை எல்லாருக்கும் தெரிவது வேறு காரணத்தால். எங்கள் பங்குக் கோயிலில் தவக்காலத்தில் போடும் இயேசுவின் பாடுகள் நாடகமான பாஸ்காவில், அவரைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டுக் காட்டிக்கொடுக்கும் யூதாஸ் பன்னிரண்டு வருடமாக அண்ணாச்சிதான். நாடகச் சாமான் பெட்டியின் சாவியும் அவரிடம்தான்.

பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "இது இயேசு முடி. தோள் வரைக்கும் வரும்."

"வேண்டாம் அண்ணாச்சி. பரீட்சைக்குப் போறேன்."

"இது பேதுரு. நரை."

"எனக்கு இருபத்தொம்பதுதான்."

"பாத்தா தெரியல. பிலாத்துக்குத் தொப்பிதான், முடி கிடையாது." பெட்டியின் அடிவரை துழாவினார். "குட்டை முடின்னா என்னுது ஒண்ணுதான் இருக்கு."

"யூதாஸ் முடியவா?"

"ஏன்லே இழுக்க? பன்னெண்டு சீடர்ல பணப்பை யார்ட்ட இருந்துச்சு? பேங்க் வேலைக்கு இத விட அனுபவம் உள்ள தலை உனக்கு எங்கன கிடைக்கும்?"

எடுத்து என் தலையில் வைத்து, பக்கத்துக்கு மூன்றாக ஆறு கிளிப் மாட்டினார். தள்ளி நின்று பார்த்தார். "வேர்த்தா முன்னால எறங்கும். கழுத்த ஆட்டாத. யாரையும் கட்டிப்பிடிக்காத, அது வேற ராசி."

சனிக்கிழமை சாயங்காலமே அம்மா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பதிலாக ஒரு பூசை பார்த்துவிட்டு வந்தாள். ஏனென்றால் நான் ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியில் 'ட்ரெய்னிங்' என்று சொல்லியிருந்தேன். முதல் பொய்யாவது பேசாமல் இருந்து சொன்னது. இதை வாய் திறந்தே சொன்னேன்.

"நானும் வாரேன்" என்றாள்.

"அங்க வெளியாட்கள விட மாட்டாங்கம்மா."

"உள்ள வாரேன்னு யாரு சொன்னா? வெளிய இருந்து பாத்துக்கிடுதேன். பெத்தவளுக்கு அதுகூட இல்லையா?"

திருவிழாச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். காலை முதல் பஸ். அவள் மடியில் இட்லிப் பொட்டலம். என் பைக்குள் யூதாஸ்.

தேர்வு மையம் ஊருக்கு வெளியே ஒரு கல்லூரி. வாசலுக்கு எதிரே வேப்பமரம், அதன் அடியில் ஏற்கெனவே இருபது முப்பது அப்பா அம்மாக்கள். அம்மாவை அங்கே நிழலில் உட்காரவைத்தேன். "உள்ள போயிட்டு வாரேன், மத்தியானம் ஆகும்" என்று சொல்லிவிட்டு, சுற்றி வந்து ஒரு வேனுக்குப் பின்னால் நின்று, அதன் கண்ணாடியைப் பார்த்து முடியை மாட்டினேன். ஹால் டிக்கெட் போட்டோவையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தேன். அறுபது சதவீதம் ஒத்துப்போனது.

வரிசையில் எனக்கு முன்னால் அனிஷா. திரும்பிப் பார்த்தவள், ஹால் டிக்கெட்டால் வாயை மூடிக்கொண்டாள்.

"அண்ணே, இதுக்கு மொட்டையே பரவால்ல."

"பேசாத. முன்னால பாரு."

வாசலில் மெட்டல் டிடெக்டரோடு ஒரு காவலாளி. என் சட்டைப் பையில் வைத்தார், சத்தம் இல்லை. இடுப்பில், சத்தம் இல்லை. காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் அது கத்தியது பாருங்கள், வேப்பமரத்துக் காக்கா எல்லாம் பறந்தது. மறுபக்கம் கொண்டுபோனார். அந்தப் பக்கமும் மூன்று கிளிப்.

"தம்பி, தலைக்குள்ள என்ன வச்சிருக்க?"

வைத்திருந்தால் நான்கு வருடம் ஏன் விழுகிறேன் என்று சொல்லத் தோன்றியது. அதற்குள் முடி அவர் கைக்கு வந்துவிட்டது. வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒரு மேடம் எழுந்து வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் போட்டோ ஒட்டிய பட்டியல். முதலில் முடிக்குள் விரலை விட்டு, ஒயர் ஏதும் இருக்கிறதா என்று தடவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க யாரு?"

"பெவின்."

"இந்தப் போட்டோவுல இருக்கிறது?"

"நான்தான் மேடம்."

"அப்போ இங்க நிக்கிறது யாரு?"

ஆதார் அட்டையை நீட்டினேன். அது பத்தாம் வகுப்பில் எடுத்தது. அதில் மீசை முளைக்காத ஒரு பையன் எங்கள் இருவரையும் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

அனிஷா பொறுக்காமல் திரும்பி வந்தாள். "மேடம், இவங்க எங்க சென்டர்ல சீனியர். எங்க எல்லாருக்கும் இவங்கதான் சொல்லிக் கொடுப்பாங்க."

"ஓ, சொல்லிக் கொடுக்கிறவரா? இன்னைக்கு யாருக்காக எழுத வந்திருக்காரு?"

அனிஷா உள்ளே போய்விட்டாள். மேடம் என்னை ஓரமாக நிற்கச் சொன்னார். மணி எட்டு பத்தொன்பது. எட்டரைக்குக் கேட் மூடிவிடுவார்கள். ஆள்மாறாட்டம் என்று எழுதிவிட்டால் இந்தத் தேர்வு மட்டுமல்ல, இனி எந்தத் தேர்வும் கிடையாது. பதினொரு நிமிடம், அறுநூற்று அறுபது நொடி. உவரியில் ஐந்து நொடி போதுமாக இருந்தது.

அப்போதுதான் சாலையைக் கடந்து அம்மா வருவதைப் பார்த்தேன். கையில் மணிபர்ஸ். என் பக்கம் பார்க்காமல் நேராக மேடத்திடம் போனாள்.

"இவன் என் மவன்மா. செவ்வாக்கிழமதான் மொட்டை போட்டோம். இந்தா, சீட்டு."

கோயில் முத்திரை குத்திய ரசீது. தேதி. பெயர் பெவின், த/பெ ஜேசுபாதம், திரேஸ்புரம். முடி காணிக்கை: ஒன்று. மேடம் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஹால் டிக்கெட்டில் அப்பா பெயரையும் ஊரையும் ஒப்பிட்டார்.

"எதுக்காக நேர்ச்சைம்மா?"

"பரீட்சை பாஸ் ஆனதுக்கு."

"எந்தப் பரீட்சை?"

அம்மா இப்போதுதான் என்னைப் பார்த்தாள். என் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். ஆடிக்கொண்டிருந்த காலையும் பார்த்தாள்.

"மொதல் பரீட்சை" என்றாள். "மொத்தம் மூணு இருக்காம்லா. அங்கன மரத்தடியில ஒரு அம்மா சொன்னாவ. நான்தான் அவசரப்பட்டுட்டேன். பிள்ளைய எழுத விடுங்கம்மா."

மேடம் என் புருவத்தில் இருந்த பழைய தழும்பைப் போட்டோவில் தேடினார், இருந்தது. ஒரு வெள்ளைத் தாளைத் தந்து, தோற்றம் மாறியதற்கான காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். ரசீதையும் அதோடு சேர்த்துப் பின் அடித்தார். உள்ளே கேமராவில் என் மொட்டைத் தலையைப் படம் எடுத்தார்கள்.

"இனிமே இந்தப் போட்டோவத்தான் ஒப்பிடுவாங்க. இன்டர்வியூ வந்தா இதே மாதிரி வாங்க, மறுபடி குழப்பாதீங்க" என்றார் மேடம்.

கேட் மூடும்போது திரும்பிப் பார்த்தேன். காவலாளி முடியை அம்மாவிடம் கொடுத்திருந்தார். அவள் அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

"ஏலே, இது விஜயராஜ் முடில்லா! வருசா வருசம் நான்தான துவைச்சுக் குடுக்கேன்!" கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் வந்தது. "போய் எழுது. வா, பேசிக்கிடுதேன்."

எப்படி எழுதினேன் என்று கேட்காதீர்கள். எட்டுப் பேர் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்கு இடப்பக்கம் யார் என்று ஒரு கேள்வி. வெளியே வேப்பமரத்தடியில் என் அம்மா மடியில் யூதாஸின் முடியோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளைவிட மோசமான இடத்தில் அந்த எட்டுப் பேரில் ஒருவரும் இல்லை என்று தோன்றியது. விறுவிறுவென்று போட்டுவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் வாகைக்குளம் ஏர்போர்ட் தாண்டியதும் அம்மா கேட்டாள்:

"மூணுல ஒண்ணுக்கா நாப்பது வீட்டுக்கு லட்டு குடுத்தேன்?"

"ஆமா."

"ஏன்லே சொல்லல?"

"நான் சொல்றதுக்குள்ள நீ தெருவுக்கு ஓடிட்டம்மா."

"ஓடுனா பின்னாலயே ஓடி வந்து சொல்ல வேண்டியதான? அந்தக் கால்தான் சும்மாவே கெடக்காதே."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உப்பளங்கள் வந்துவிட்டன. வெயிலில் எதையும் நேராகப் பார்க்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அது ஒரு வசதியான காரணம்.

அன்று சாயங்காலம் அவள் சேலை மாற்றாமலேயே தெருவுக்குப் போனாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்; குறுகிய தெரு, அவள் குரல் தெருமுனை வரை கேட்கும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரே வாசகம். "வேலை இன்னும் கிடைக்கல கேட்டியா. மூணு இருக்கு, ஒண்ணுதான் முடிஞ்சிருக்கு. நான்தான் தெரியாம லட்டு குடுத்துட்டேன்." நாற்பது வீடு. ஒரு வீட்டில்கூட என் பெயரைச் சொல்லிக் குறை சொல்லவில்லை. சுடலைமாடத்தி அக்கா மட்டும், "அப்போ அந்த நகைக்கடன்?" என்று கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது.

அதற்குப் பிறகு என் வேலை மொட்டையைக் காப்பாற்றுவது. வாரம் ஒருமுறை, சனிக்கிழமை, அப்பாவின் ரேசரை எடுத்து அம்மாவே வழித்துவிடுவாள். கடைக்குப் போனால் அவன் சைடில் விட்டுவிடுவானாம், போட்டோவுக்கு ஒத்துவராதாம். பதினேழாம் விதியை இப்போது அவள் என்னைவிட நன்றாகச் சொல்கிறாள். சாகுபுரத்து மாமா போன் செய்தபோது, "இன்னும் ரெண்டாவதே வரலண்ணே, பொறுங்க" என்று அவளே சொல்லி வைத்துவிட்டாள். நான் ஒரு நாளைக்கு முப்பது முறை அந்த இணையப் பக்கத்தைத் திறந்து மூடினேன்.

எட்டாவது சனிக்கிழமை முடிவு வந்தது. மறுபடியும் அம்மா பின்கட்டில்தான் இருந்தாள். இந்த முறை கையில் சோப்பும் ரேசரும்.

"எம்மா, ரெண்டாவது பாஸ்! வேலை இல்ல! இன்டர்வியூதான்! வேலை இல்ல!" அவள் எங்கே எழுந்து ஓடிவிடுவாளோ என்று நிலைப்படியில் இரண்டு கையையும் விரித்து மறித்து நின்றேன். நான் கத்தியது எதிர்வீட்டு மாடி வரை கேட்டிருக்கும்.

"தெரியுதுலே. எதுக்குக் கத்துத? ஊர்ல எல்லாருக்கும் காது இருக்கு." அவள் எழவில்லை. ரேசரைத் தண்ணீரில் ஒருமுறை அலசினாள். இரண்டாவது முறையும் அலசினாள். அலசி முடித்த பிறகும் கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை.

"மூணாவதுக்கு ஒரு நேர்ச்சை வச்சிருக்கேன்" என்றாள்.

எனக்குத் தலை சில்லென்றது. "எம்மா, இதுக்கு மேல என்கிட்ட முடி கிடையாது."

"உன்னுது யாருக்கு வேணும்? இந்தத் தடவ என் முடி."

இடுப்புவரை வரும் முடி அவளுக்கு. கொண்டையில் இப்போது பாதி நரை. நான் என்னவோ சொல்ல வந்தேன். அவள் விடவில்லை.

"இப்ப இல்லலே. ஆர்டர் கையில வரணும். அத நீ படிக்கணும், அனிஷா படிக்கணும், மாலத்தீவுல இருந்து உங்கப்பா வந்து படிக்கணும். நாலாவது ஒண்ணு இருக்கான்னு கேட்டுட்டு, பொறவுதான் உவரி." முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினாள். "உக்காரு. இன்டர்வியூக்கு மொட்டையா போணும்லா."

உட்கார்ந்தேன். சோப்பு நுரை காதுவரை இறங்கியது.

"கால ஆட்டாத" என்றாள் அம்மா. "வெட்டிரும்."